குறையில்லாத தண்ணீர்

பஸ்தியாம்பிள்ளை இரண்டாவது கிளாஸையும் ஒரே மூச்சில் குடித்து முடித்தார். "இப்ப சொல்லுங்க தங்கச்சி, இந்தத் தண்ணியில என்ன பிழை?"

"சேர், அது வந்து..." என்று இழுத்தாள் வீட்டுக்காரி நிஸ்மியா.

"பொறுங்க, நான் சொல்றன்."

அவர் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பரிசோதனைப் பகுதிக்குப் பொறுப்பு. ஏறாவூரில் ஒரு வீட்டில் தண்ணீர்ப் பிரச்சினையாம் என்று கந்தோரில் யாரோ சொன்னதுமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். குளோரின் மணக்குது, வாயில வைக்க ஏலா என்ற முறைப்பாடுதான் எப்போதும் வரும். பதிலும் எப்போதும் அவர் நாக்கு நுனியில் இருக்கும்.

வந்ததும் வராததுமாக, நீங்கள் குடிக்கிற தண்ணீரைக் கொண்டு வாருங்கள் என்றார். நிஸ்மியா பின்கதவால் இறங்கி, வெள்ளம் வடிந்தும் காயாத சேற்றில் நடந்துபோய், ஒரு ஜக் நிறையக் கொண்டு வந்து வைத்தாள்.

அதில் கொஞ்சம் எடுத்து, பெட்டியிலிருந்த குளோரின் சோதனைக் குளிசையைப் போட்டார். தண்ணீர் ரோஸ் நிறமானது. அவர் முகமும் கிட்டத்தட்ட அதே நிறமானது, பெருமையில்.

"பாத்தீங்களா, குளோரின் அளவா நிக்கிது. குளத்துத் தண்ணிக்குப் படிகாரம் போட்டுச் சேத்த அடைய விடுறம். பிறகு மணல்ல வடிக்கிறம். கடைசியாத்தான் கிருமி சாக இதப் போடுற. மணந்தா நல்லதெண்டு நினைக்கணும்."

"விளங்குது சேர். ஆனா நாங்க அறிவிச்சது..."

"தெரியும், தெரியும்."

மற்றவர்கள் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள் என்று மனைவி மேர்லின் காலையில்தான் சொல்லியிருந்தாள். அதையும் அவர் முழுதாகக் கேட்கவில்லை.

வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களுக்காக மூன்றாவது கிளாஸை ஊற்றினார். வயிறு கனத்தது. பாதியில் வைத்தால் மரியாதை போய்விடும் என்று மெல்ல மெல்ல இறக்கினார்.

"இப்ப ஒத்துக்கொள்றீங்களா, குறை ஒண்டும் இல்லயெண்டு?"

"ஓம் சேர், நல்ல தண்ணி. வெள்ளத்துக்குப் பிறகு சுகாதாரப் பகுதி ஆக்கள் வந்து கிணத்துக்குள்ள குளோரின் போட்டுட்டுப் போன."

கிளாஸ் அவர் உதட்டருகே நின்றது. "கிணத்துக்குள்ளயா? அப்ப எங்கட பைப் தண்ணி?"

"அது வரல்ல எண்டுதான் சேர் கந்தோருக்குக் கோல் எடுத்த."