மூன்று மணித் துரோகம்

முப்பத்தொரு வருஷ உறவுக்குத் துரோகம் செய்துவிட்டு, லிண்டன் எல்லோரும் பார்க்கக் குனிந்து வணங்கினான். கைதட்டல் நிற்கவே இல்லை.

மெல்பர்னின் வடபகுதியில் ஒரு பழைய சர்ச் கூடத்தில் பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். இந்த மாதிரி இசைக்கு அது மாநாடு.

லிண்டன் பியானோவை வாசிப்பதில்லை. மூடியைத் திறந்து உள்ளே கையை விடுவான். கம்பிகளுக்கு நடுவே கரண்டி, திருகாணி, சைக்கிள் சங்கிலி. வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு மர்ரே சாக்ஸபோன் ஊதுவான். சில நாள் ஊதாமல் அதைத் தட்டிக்கொண்டு மட்டும் இருப்பான். முப்பத்தொரு வருஷமாகச் சேர்ந்து வாசிக்கும் இருவருக்கும் ஒரே சட்டம்தான்: எல்லாம் மேடையில் அந்த நிமிஷமே பிறக்க வேண்டும். ஒத்திகை பார்த்தவன் அன்றைக்கே விலகிக்கொள்ள வேண்டும்.

லிண்டன் ஆறு வாரம் ஒத்திகை பார்த்திருந்தான்.

போன கச்சேரியில் ஒன்றும் தோன்றாமல், நான்கு நிமிஷம் கரண்டியும் கையுமாக நின்றுவிட்டான். ரசிகர்கள் அதையும் இசை என்றுதான் நினைத்தார்கள். மர்ரேயின் முகத்தைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு, மர்ரே தோளில் துண்டோடு நீச்சல்குளத்துக்குக் கிளம்பியதும், தோட்டத்து ஷெட்டில் கிடந்த ஓட்டைப் பியானோவுக்குள் தலையை விட்டுக்கொண்டான். இன்றைய நாற்பது நிமிஷத்தையும் அங்கேயே செதுக்கி முடித்துவிட்டான்.

ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தபடி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நடுவுல சட்டுனு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிறுத்தினீங்க பாருங்க... உடம்பு சிலிர்த்துப்போச்சு. இதெல்லாம் திட்டம் போட்டு வருமா?"

"வராதுங்க," என்றான் லிண்டன். காது சுட்டது.

வெளியே வெயிலில், காரின் பின்கதவைத் திறந்துவைத்து மர்ரே நின்றான். ஒரு கையில் ரொட்டியில் சுருட்டிய சாசேஜ். சட்டையெல்லாம் தக்காளி சாஸ். இன்னொரு கையால் நீச்சல் துண்டைச் சாக்ஸபோனின் வாய்க்குள் திணித்தான். அளவெடுத்துத் தைத்தது மாதிரி அது போய் உட்கார்ந்தது; இனி ஊதினாலும் சத்தம் வேலி தாண்டாது.

"என்னடா மூஞ்சி இது? ஒருத்தன்கூட நடுவுல எழுந்து போகலை. நீ என்னடான்னா சாவு வீட்டுக்கு வந்தவனாட்டம் நிக்கிறே."

"மர்ரே, நான் விலகிக்கிறேன்."

சாசேஜ் வாய்க்குப் பாதி தூரத்தில் நின்றது. "எதுக்கு?"

"இன்னிக்கு வாசிச்சது ஒண்ணுகூட அங்கே தோணினது இல்லை. எல்லாம் ஆறு வாரமா ஷெட்ல பழகினது. நீ நீச்சலுக்குப் போற நேரம் பார்த்துத் திருட்டுத்தனமா." காரின் கதவைப் பிடித்துக்கொண்டான். "எனக்குச் சரக்கு தீர்ந்துபோச்சுடா. நீ வேற ஆளைப் பார்த்துக்குவியோன்னு பயந்துட்டேன்."

மர்ரே ஒரு கடி கடித்தான். ரொம்ப நேரம் மென்றான்.

"நடுவுல நிறுத்தினோமே, அந்த இடம். முதல் வாரம் அது ரொம்ப நீளமா இருந்துச்சு," என்றான் மெதுவாக. "அப்புறம் பாதியாக் குறைச்சே. அதுக்கப்புறம்தான் என்னாலயும் உன்கூடச் சரியா நிறுத்த முடிஞ்சுது."

லிண்டன் விழித்தான். "உனக்கெப்படித் தெரியும்? மூணு மணிக்கு நீ குளத்துலல்ல இருப்பே?"

மர்ரே சாஸ் ஒட்டிய விரலை அந்தத் துண்டிலேயே துடைத்தான். இப்போது அவன் காதும் சிவந்திருந்தது.

"எனக்கு நீச்சலே தெரியாதுடா."