எல்லை தாண்டிய பலகை

“பலகையை நகர்த்தினது நீதானே?”

தையல்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனால் என் கையில் கோப்பு இருந்தது. கோப்பு கைக்கு வந்தால் எனக்கு ‘நீங்க’ போய் ‘நீ’ வந்துவிடும்.

தலைநகரைச் சுற்றி வளையல் மாதிரி கிடக்கிற மாவட்டம் எங்களுடையது. நகரம் பருக்கப் பருக்க வளையல் இறுகுகிறது. எல்லையில் யாரும் கை வைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எனக்கு வேலை. ‘தலைநகர எல்லை’ என்ற பலகை முந்நூறு அடி எங்கள் பக்கம் வந்துவிட்டதாகப் புகார்.

“இதுக்காக இருபத்திரண்டு கிலோமீட்டர் வந்திருக்கேன். என் வீடு மாவட்டத்தோட அந்தக் கோடி, தெரியுமா? ரெண்டு பஸ் மாறணும்!”

“தண்ணி குடிங்க சார்.”

“தண்ணி இருக்கட்டும். எல்லைக்குள்ள வந்துட்டா மனை விலை மூணு மடங்கு ஏறிடும். உனக்கு எத்தனை மனை?”

“இந்தத் தையல் மெஷின்தான் சார் சொத்து. வீடே வாடகைதான்.”

“அப்புறம் எதுக்கு?”

அவர் உள்ளறையைக் காட்டினார். கட்டிலில் அவர் மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் கண்மூடிப் படுத்திருந்தார்.

“வாரம் மூணு நாள் நகரத்து ஆஸ்பத்திரியில டயாலிசிஸ். இப்பதான் வந்தா. நகர பஸ் பலகையைத் தாண்டி ஒரு சக்கரம் வைக்காது. முன்னெல்லாம் கீழ இறங்கி இந்த மேட்டை ஏறுறதுக்குள்ள நாலு தடவை ரோட்டிலேயே உட்கார்ந்துடுவா. அவளால பலகைக்குப் போக முடியல. பலகையை அவகிட்ட கொண்டாந்துட்டேன்.”

மனசு இளகத்தான் செய்தது. ஆனால் இளகினால் அப்புறம் என்ன அதிகாரி? தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

“கஷ்டம் யாருக்குத்தான் இல்ல? அதுக்காகப் பொய் சொல்லலாமா? ஒரு அடின்னாலும் பொய் பொய்தான். நாளைக்கே பலகை பழைய இடத்துக்குப் போயிடும்.”

அறிக்கை எழுதப் பேனாவைத் திறந்தேன். போன் அடித்தது. என் மகளைப் பெண் கேட்டிருந்த இடம். குரல் தானாகக் குழைந்தது.

“வணக்கம் சம்பந்தி! வீடா? தலைநகர்லதாங்க... எல்லையிலயா? சேச்சே, நட்ட நடு ஊர்லங்க! ஜன்னலைத் திறந்தா ஒரே கார் சத்தம். எங்க பொண்ணுக்கு மாவட்டம்னா என்னன்னே தெரியாது, போங்க!”

சிரித்தபடி போனை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

தையல்காரர் அளவு நாடாவை மெல்லச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“சார், நான் முந்நூறு அடிதான் நகர்த்தினேன்.”

கோப்பை மூடினேன்.

“பலகை காத்துல சாஞ்சுடாம பாத்துக்குங்க,” என்றேன்.