மின்விசிறி நிற்கும் நேரம்

சிறுநீரகம் கெட்டுப்போன அம்மாவின் வயிற்றில் டயாலிசிஸ் நீரை மாற்றும்போது தூசி பறக்கக் கூடாதென்று, நாலு மணியானால், சொல்லிக்கொடுத்ததைச் செய்யும் அந்தத் தானியங்கி வீடே ஜன்னல்களைச் சாத்தி மின்விசிறியை நிறுத்திவிடும். அம்மா போய்ச் சேர்ந்த பிறகும் வீடு அந்தப் பழக்கத்தை விடவில்லை. பொறுத்துப் பார்த்த மகள் தேன்மொழி, நேற்று வீட்டின் நினைவிலிருந்து அதை அடியோடு அழித்தாள்.

இன்று நாலு மணிக்கு ஜன்னல்கள் மறுபடியும் சாத்திக்கொண்டன. மின்விசிறி மெல்ல நின்றது. தேன்மொழி அம்மாவின் அறைக்கு ஓடினாள்.

காலிக் கட்டிலருகே அப்பா முகக்கவசம் போட்டு, சோப்பு போட்டுக் கழுவிய கைகளை எதிலும் படாமல் உயர்த்தியபடி உட்கார்ந்திருந்தார்.

"நேத்தே அழிச்சிட்டேனேப்பா!"

"ஆமாம்மா, பாவம், வீடு சுத்தமா மறந்துபோச்சு. காலையிலேருந்து திரும்பச் சொல்லிக்கொடுத்தேன்," என்றார் அப்பா. "கதவச் சாத்தும்மா. அம்மாவுக்குத் தூசி ஆகாது."