சத்தத்துக்கு வந்த மரியாதை

மாசிலாமணியின் மரவள்ளித் தோட்டத்தில் காட்டுப்பன்றிகளை விரட்டுவது அவருடைய நாலு சக்கர பைக்கின் வேலை. சத்தமில்லாமல் வந்து மேலே பாய்ந்துவிடும். பன்றிகள் ஒரு கிழங்கை முழுசாகத் தின்றதில்லை. ஆனாலும், தன்னை ஒருவரும் மதிப்பதில்லை என்று அதற்கு ஒரே குறை.

சத்தம் இருந்தால்தான் மதிப்பு என்று, கிளம்பாமல் முரண்டுபிடித்தே, கடைசியில் புது சைலன்சர் ஒன்றை மாட்டிக்கொண்டது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் மலையே அதிர்ந்தது.

அன்று சாயங்காலம் தோட்டத்தில் ஒரு பன்றிகூட இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கிழட்டுப் பன்றி, வாயில் ஒட்டிய மண்ணை நக்கிக்கொண்டே சொன்னது: "அண்ணே, நீங்க ஷெட்டுல கிளம்பும்போதே எங்களுக்கு இங்க கேட்டுடுது. குலையே நடுங்கிப்போச்சு!"

பைக்குக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தே நாளில் பாதித் தோட்டம் காலி. மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டு, புது சைலன்சரைக் கழற்றிக் குப்பையில் வீசிவிட்டு, பழையதையே மாட்டினார். அன்றைக்குப் பன்றிகளுக்குச் சரியான அடி.

மறுநாள் காலை, கிழட்டுப் பன்றி நொண்டிக்கொண்டே ஷெட் வாசலுக்கு வந்தது. வாயில் அந்தப் புது சைலன்சர். அதைப் பணிவாகக் கீழே வைத்தது.

"இது இல்லாம உங்களைப் பார்க்க மனசு கேக்கலைண்ணே."

பைக்கின் விளக்கு கலங்கியது.

"இந்தத் தோட்டத்திலே என் அருமை தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்டா!"