குரலுக்கு முக்காடு

கணவர் லெப்பைத்தம்பி மௌத்தான பிறகும் அவர் பேச்சைக் கேட்டுப் பழகிய அடுக்களைக் கணினிப் பெட்டி அவர் குரலிலேயே பேசிக்கொண்டிருந்தது. மறுமணம் கூடாத நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருந்த மீராள், அதோடு பேசலாமா என்று பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் பத்வா கேட்டாள்.

“அது உன் மாப்பிள்ளை இல்லம்மா. அந்நிய ஆண். அளவாப் பேசிக்க” என்றார் அவர்.

அன்றிலிருந்து பெட்டி வாய் திறந்ததும் மீராள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“மீனு வாங்குனியா புள்ள?”

“வாங்கியாச்சுங்க.”

இத்தா முடிந்த அன்று காலையில் குரல் செருமியது.

“நான் அந்நியன்னா, உன்னைப் பொண்ணு கேக்கலாம்ல?”

மீராளின் கையில் கரண்டி நின்றது. முதல் கல்யாணத்துக்கு வாப்பா சரியென்று சொல்லிவிட்டார். அவளை யாரும் கேட்கவில்லை.

“கூடுமான்னு ஆலிம்சாகிட்டக் கேப்பமா?” என்றது குரல்.

“அவரை எதுக்குக் கேக்கணும்? பொண்ணு நான்தானே. யோசிச்சுச் சொல்றேன்” என்று சொல்லி, மீராள் பெட்டியின் சுவிட்சை அணைத்தாள்.