சங்கம் பிறந்த காரணம்

"சங்கத்தை எதுக்காக ஆரம்பிச்சீங்கன்னு சொல்லுங்கம்மா. இது ஒண்ணு எழுதலைன்னா எனக்குப் பட்டமே கிடையாதுங்க."

தலைவி இருசம்மாளும் செயலாளர் சம்பூர்ணமும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

தொண்டு அமைப்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மலர்கொடி, தா.பழூர் பக்கத்திலிருக்கும் அந்த மாதர் சங்கத்துக்கு மூன்றாம் தடவையாக வந்திருக்கிறாள். பால்வாடி, தையல் வகுப்பு எல்லாம் எழுதியாயிற்று. தொடங்கிய காரணம் மட்டும் யார் வாயிலிருந்தும் வரவில்லை.

"வரதட்சணைக் கொடுமையா?"

"இல்லீங்க."

"சாராயக் கடையா?"

"அடடா, எங்க வூட்டு ஆம்பளைங்க காதுல வுழுந்தா வருத்தப்படுவாங்க" என்றாள் சம்பூர்ணம். "சொல்லிடுக்கா. பொண்ணு மூஞ்சி வாடிப்போச்சு."

இருசம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "பத்து வருசத்துக்கு முன்னாடி உன்னாட்டம் ஒரு தம்பி வந்துச்சு. மாதர் சங்கத்தைப் பத்தி எழுதணும்னுச்சு. இங்க ஏது சங்கம்? இல்லைன்னதும், பட்டம் போச்சேன்னு வரப்புல உக்காந்து அழுதுடுச்சு. பாவமா இருந்துச்சு. களை எடுத்துக்கிட்டிருந்த பதினோரு பேரும் கரையேறி அன்னிக்கே ஆரம்பிச்சோம். வெளிய சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிச்சு."

"அவர் பேரு?"

"மாயவன். பாஸாயிடுச்சா என்னமோ, பாவம்."

மலர்கொடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஆயிட்டாருங்க. இப்ப எனக்கு அவருதான் பேராசிரியர். அந்த ஊரு வேணாம், வேற ஊரைப் பாருன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரு."

"அப்படிப் போடு!" சம்பூர்ணம் கையைத் தட்டினாள். "எழுதிக்க பொண்ணு. ஆதரவில்லாத ஒரு ஆம்பளையைக் காப்பாத்த ஆரம்பிச்ச மாதர் சங்கம்!"