மூன்றாவது ரிப்பேர்

"மூணாவது தடவைங்க, அம்மிணி. யாரோ வேணும்னே உடைக்கறாங்க" என்றார் மில் மேனேஜர் நல்லுசாமி.

அறிவுச்செல்விக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நாப்கின் மெஷினின் கைப்பிடி அப்படியே முறுக்கிக்கொண்டு நின்றது. உள்ளே ஒரு நாப்கின்கூட இல்லை.

அவளும் முகேஷ்குமாரும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து செய்த கல்லூரிப் புராஜெக்ட் அது. திண்டுக்கல்லில் இன்ஜினியரிங் கடைசி வருஷம். கைப்பிடியைத் திருகினால் ஒரு நாப்கின் விழும். காசு போட வேண்டாம். வேடசந்தூர் ரோட்டில் இருந்த ஒரு நூல்மில்லின் பெண்கள் விடுதியில், பாத்ரூம் வாசலில் அதை மாட்டியிருந்தார்கள்.

சர்வே எடுக்க வந்த அன்று, மில்லில் கூட்டித் தள்ளும் கழிவுப் பஞ்சைத்தான் மாசாமாசம் வைத்துக்கொள்கிறோம் என்று பெண்கள் சொன்னார்கள். சொன்னவர்களுக்கெல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயசு. அறிவுச்செல்விக்கு அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே மெஷினுக்குப் படம் வரைய உட்கார்ந்தாள்.

"சார், யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்றான் முகேஷ்.

நல்லுசாமி குரலைத் தாழ்த்தினார். "வார்டனம்மாதானுங்க. ரோஸ்மேரி. பழைய காலத்து ஆளு. மெஷின்ல போடற பாக்கெட் எல்லாம் அவங்க டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்குதுன்னு வாட்ச்மேன் சொல்றான்."

மூவரும் வார்டன் அறைக்குப் போனார்கள்.

ரோஸ்மேரி முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும்.

"மெஷினை ஒடச்சது நீங்களா?" அறிவுச்செல்வி நேராகவே கேட்டாள்.

"ஆமா தாயி. நாந்தேன்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"பாக்கெட்டெல்லாம்?"

"எம்பெட்டிக்குள்ளதேன் இருக்கு."

"ஏம்மா இப்படிப் பண்றீங்க? நீங்களும் ஒரு பொம்பளைதானே? இந்தப் பிள்ளைங்க பஞ்சை வச்சுக்கிட்டு வியாதி வந்து கெடக்கட்டுமா?"

ரோஸ்மேரி நிமிர்ந்தாள். அறிவுச்செல்வியைப் பார்த்தாள். பின்னால் நின்ற நல்லுசாமியைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், மறுபடி குனிந்து அரிசியைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"இதையெல்லாம் வெளிப்படையா வைக்கிறது அசிங்கம்னு நெனைக்கிறீங்க. அதானே?"

"நீ எப்படி வேணா வச்சுக்க, தாயி. ஆனா மறுபடி மாட்டுனா மறுபடியும் ஒடைப்பேன்."

கதவோரம் நின்ற பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பயந்து கிடக்கிறார்கள், பாவம் என்று நினைத்தாள் அறிவுச்செல்வி.

திரும்பி வரும்போது அவளே சொன்னாள். "சார், இவங்க இருக்கற வரைக்கும் எதுவும் மாறாது. ஏதாவது செய்யுங்க."

"செஞ்சுட்டாப் போச்சுங்க" என்றார் நல்லுசாமி.

மறுநாளே ரோஸ்மேரியை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். முகேஷ் கைப்பிடிக்குக் கெட்டியான இரும்பு போட்டு, சுற்றிலும் கம்பிக்கூண்டு வைத்துப் பூட்டினான். இனி யானை வந்து இழுத்தாலும் அசையாது.

அப்புறம் மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை. மாசக் கடைசியில் நல்லுசாமியே போன் பண்ணினார். "அம்மிணி, இந்த மாசம் ஒரு பொண்ணுகூட லீவு போடலீங்க! முதலாளிக்கு அம்புட்டு சந்தோசம்!"

அதை அப்படியே வரைபடமாகப் போட்டு, கல்லூரிப் போட்டியில் காட்டினார்கள். அதற்குத்தான் பெரிய கைதட்டல். முதல் பரிசு. 'தடைகள்' என்ற தலைப்பின் கீழ், "முந்தைய தலைமுறைப் பெண்களின் அறியாமை" என்று அறிவுச்செல்வி எழுதியிருந்ததை நடுவர் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கேக் வாங்கிக்கொண்டு அறிவுச்செல்வி மட்டும் விடுதிக்குப் போனாள். நல்லுசாமிக்கு அன்று லீவு. மில்லுக்கு ஏது லீவு? பகல் ஷிப்டுக்குப் பெண்கள் தலையை முடிந்துகொண்டிருந்தார்கள்.

குஜிலியம்பாறைப் பெண் பொன்னழகு, மெஷினுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்தபடி குத்தவைத்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு பொன்னழகு?"

"மொத நாளுக்கா. எனக்கு எப்பவுமே இப்படித்தேன். வயிறு உயிர் போகும்."

"அப்ப ரூம்ல போய்ப் படேன். எட்டு மணி நேரம் எப்படி நிப்ப?"

பொன்னழகு அக்கம்பக்கம் பார்த்தாள். மேனேஜரின் ஆட்கள் யாரும் இல்லை.

"முந்தி படுத்துருவோம்க்கா. வார்டனம்மா தம் பெட்டியிலருந்து எங்க கையில பாக்கெட்ட குடுத்துட்டு, மேனேஜருக்குச் சீட்டு எழுதிருவாங்க. மெஷின் ரிப்பேர், பிள்ளைகிட்ட நாப்கின் இல்லைன்னு. நூல்ல கறை பட்டுருமேன்னு அவரும் பேசாம அன்னைக்கு ஒருநாள் விட்டுருவாரு."

அறிவுச்செல்வியின் கையில் கேக் பெட்டி கனத்தது.

"இதை ஏன் அன்னைக்கே அவங்க சொல்லலை?"

"மேனேஜரும் கூடவே நின்னாருல்லக்கா. எப்படிச் சொல்லுவாக?"

ஷிப்டு சங்கு ஊதியது. பொன்னழகு சுவரைப் பிடித்து மெல்ல எழுந்தாள். வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, சிரிக்கப் பார்த்தாள்.

"இப்பத்தேன் மெஷின் நல்லா ஓடுதேக்கா. அது ஓடுனா நாங்களும் ஓடணும்ல?"